பூசாத வீட்டு நெட்டைக்கை

"பேயோட கை ஏன்மா சூடா இருக்கு?"

ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்று தன் அம்மாவிடம் கேட்டது இது. அம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்து, "தூங்கு கண்ணு... கடவுள் இருக்கார், தூங்கு" என்று முதுகைத் தட்டினாள்.

பேயின் கை ஜில்லென்று இருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தானே கேட்டிருப்பீர்கள்? சூடாக இருந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

அந்தக் குழந்தை வேறு யாருமில்லை. நம் தெருமுனைத் தையல்காரரின் மைத்துனி மகள். வளர்ந்து பெரியவளாகி, ஒரு தொழிலும் கற்று, நன்றாகத்தான் இருந்தாள். அவளுக்கு நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருப்பவர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம்... முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாது என்றால் மனசுக்கு ஒரு தெம்பு.

பிற்பகல் மூன்று மணி. ராத்திரி இல்லை, கவனியுங்கள். பட்டப்பகல்.

கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டிய இரும்புக் கதவுகள். ஒரு நாய்கூட இல்லை. தார் இளகி, செருப்பு அடிக்கு அடி 'ப்ச்... ப்ச்...' என்று ஒட்டி ஒட்டி விலகியது. அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் போன் ஒருமுறை உறுமியது.

எடுத்துப் பார்த்தாள். முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தார்.

"மேல்மாடி விளிம்புல என் பொண்ணு தவறிட்டா. நெட்டைக்கை வந்து கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டுட்டு, அவன் விழுந்துட்டான். பொண்ணு ஒரே அழுகை. 'பேய் பாவம்ப்பா'ங்கறா. நல்லா யோசிச்சிருக்கீங்க!"

அவள் நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டாள். ஏனென்றால்... அப்படி ஒன்றை யாரும் யோசிக்கவே இல்லை.

அவளுக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர், புள்ளி. கணினி விளையாட்டுகளுக்குப் படம் போடுவது அவள் வேலை. அதுவும் பழைய பாணிப் படங்கள். டிவியோடு ஒரு பெட்டியைச் சொருகி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு விளையாடிய காலம் நினைவிருக்கிறதா? பொம்மைகள் எல்லாம் கட்டம் கட்டமாக, எண்ணி எடுத்த நான்கு வண்ணத்தில் இருக்குமே, அந்த மாதிரி. ஒவ்வொரு புள்ளியாக வைத்துத்தான் வரைய வேண்டும். "மூக்குக்கு ஒரு புள்ளி, கண்ணுக்கு ஒரு புள்ளி, பயத்துக்கு ஒரு புள்ளி... எங்க அக்கா மூணு புள்ளியில ஊரையே அலற வெச்சுடுவா" என்பான் தம்பி.

பொம்மையை ஓட வைப்பதும், தாவ வைப்பதும், சாக வைப்பதும் தம்பியின் வேலை. கணினிக்குக் கட்டளைகளை எழுதுகிறவன் அவன். சலவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறைதான் அவர்கள் அலுவலகம். எந்நேரமும் சோப்பு வாசனையும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் படியேறி வந்துகொண்டிருக்கும். அக்காளும் தம்பியும் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்து வெளியிட்டிருந்தார்கள்.

'பூசாத வீடு' என்று பெயர். கட்டி முடிக்காமல் விட்டுப்போன ஓர் அடுக்குமாடி. பூச்சு காணாத செங்கல் சுவர்கள். ஒரு சிறுமி காணாமல்போன பூனைக்குட்டியைத் தேடி மாடி மாடியாக ஏறுகிறாள். பலகையிலிருந்து பலகைக்குத் தாவ வேண்டும். தவறினால் கீழே. கீழே என்றால்... ஒன்றும் இல்லை. திரைக்குக் கீழே வெறும் கறுப்பு. அதற்குள் போனவள் போனவள்தான். மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

பின்னாலேயே ஒன்று வரும். அதுதான் நெட்டைக்கை. வெள்ளைவெளேரென்ற முகம். கண் கிடையாது. ஒரு கை மட்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கும். அது தொட்டால் ஆட்டம் முடிந்தது. தம்பி அதற்கு எழுதிய கட்டளையே அவ்வளவுதான். துரத்து... தொடு... கொல்.

நெட்டைக்கையைப் புள்ளி எங்கிருந்தும் தேடிப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரு கெட்ட கனவு. கூசும் வெளிச்சம். ஒரு வெள்ளை முகம். மணிக்கட்டைக் கவ்விப் பிடித்து இழுக்கும் ஒரு கை... அவ்வளவுதான், விழித்துக்கொள்வாள். "இத்தனை வருஷம் என்னைப் படுத்துச்சுல்ல? இனிமே ஊரையே படுத்தட்டும்" என்று சிரித்துக்கொண்டேதான் அதை வரைந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தாவல் விளையாட்டுகளைச் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொம்மையின் கால் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும், கண்ணிமைக்கிற நேரத்துக்கு அது விழாமல் நிற்கும். அந்த இம்மி நேரத்தில் பொத்தானை அழுத்தினாலும் தாவிவிடலாம். விளையாடுகிறவருக்குத் தெரியாது. 'அடேயப்பா, என் சாமர்த்தியம்!' என்று நினைத்துக்கொள்வார். தம்பி அதற்கு வைத்த பெயர் 'சலுகை'. முகம் தெரியாத ஒருவருக்கு, அவர் அறியாமலே செய்கிற ஓர் உபகாரம். புள்ளிக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் தம்பி இந்த விளையாட்டில் சலுகையை எடுத்துவிட்டான்.

"பாவம்டா, சின்னப் புள்ளைங்க ஆடும். ஒரு இம்மி குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"பழைய காலத்து ஆட்டம்னா பழைய காலத்து ஆட்டம்தான். விழுந்தா விழுந்ததுதான். சும்மா இரு அக்கா."

"கல்நெஞ்சுடா உனக்கு."

"பேய் படம் வரையறவ பேச்சைப் பாரு!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

விளையாட்டு வெளிவந்ததும் ஆட்கள் மொய்த்துவிட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் விதவிதமாக எழுதினார்கள். "அந்தக் காலத்துப் பெட்டி மாதிரியே இருக்கு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு." "நாலாம் மாடி இசையைக் கேட்டா பல்லு கூசுது, ஆனா நிறுத்திடாதீங்க." "என் வீட்டுக்காரர் லைட்டைப் போட்டுட்டுத்தான் ஆடறார், வெளியில சொல்லாதீங்க." இதையெல்லாம் தம்பி உரக்கப் படிப்பான். புள்ளி வரைவதுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள்.

அப்புறம்தான் அந்த மூன்று மணி. அந்தச் சாலை. அந்தச் செய்தி.

அறைக்கு வந்ததும் தம்பியிடம் போனை நீட்டினாள். அவன் படித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யாரோ கதை விடறாங்க."

ஆனால் மறுநாள் இன்னொருவர் எழுதினார். அப்புறம் இன்னொருவர். எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள். மேல்மாடி, கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பு. கால் தவறுகிறது. அடுத்த நொடி நெட்டைக்கை வருகிறது. கொல்லவில்லை. பிடிக்கிறது. மேலே விடுகிறது. விட்ட வேகத்தில் தான் நிலைதடுமாறி, கறுப்புக்குள் போகிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... பிறகு, எங்கோ ஆழத்தில், 'தொப்'.

பார்க்காதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "நான் நூறு தடவை விழுந்துட்டேன், ஒரு பயலும் பிடிக்கல. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" பார்த்தவர்கள் சாமி மேல் சத்தியம் செய்தார்கள். ஒருவரை ஒருவர் திருடன், புளுகன் என்றார்கள். 'ஓட்டைச்சட்டி' என்ற பட்டப்பெயரில் எழுதுகிற ஒருவர் மட்டும் பொறுமையாக எல்லாரையும் விசாரித்து, ஒரே ஒரு வரி எழுதினார்.

"பிடிக்கப்பட்டவங்க எல்லாரும் சின்னப் பசங்க. பெரியவங்க ஒருத்தர்கூட இல்ல."

அந்த ஒரு வரியோடு சண்டை அடங்கிவிட்டது. அதற்குப் பின் வந்தது சண்டையை விட மோசம்.

ஆடுவது குழந்தை என்று ஆட்டத்துக்கு எப்படித் தெரியும்? வழி ஒன்றுதான் என்றார்கள். கேமரா. கணினியில் இருக்கிற கேமரா வழியாக யாரோ எங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பெற்றவர்களுக்கு வயிறு எரியாதா? வசவு வந்து குவிந்தது. விளையாட்டை விற்றுக்கொடுக்கிற நிறுவனம் அதைப் பக்கத்திலிருந்து தூக்கியது. 'விளக்கம் சொல்லுங்கள். இல்லையென்றால் இனி உங்கள் பெயரில் எதுவுமே எங்களிடம் வராது' என்றது. பிள்ளைகளை எட்டிப் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால், அதற்கப்புறம் தம்பியை எவன் வாசற்படி ஏற்றுவான்? அவனுக்கும் ஒரு பெண்குழந்தை இருக்கிறது.

புள்ளி எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டினாள். கட்டளைகளைத் தொடத் தெரிந்தவன் தம்பி ஒருவன்தான்.

அவள் உள்ளே வந்தால் அவன் திரையைச் சட்டென்று மாற்றினான். ஒருமுறை அல்ல, பலமுறை. அவள் படியேறும் சத்தத்துக்கே விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. சாப்பாட்டுக்கு முன்னதாகப் போய்விட்டு முன்னதாகத் திரும்பினான். ஏன்? ஒருநாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறிப் போய்ப் பின்னால் நின்றாள்.

அவன் அவளுடைய கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் வரைந்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடறே?"

துள்ளி எழுந்தான். காது சிவந்துவிட்டது.

"நீ என்னத்தை மறைச்சு வெச்சிருக்கேன்னு தேடறேன். வேற யாரைக் கூட்டிட்டு வந்து உள்ள மாத்தி எழுத வெச்சே? சலுகை குடு, சலுகை குடுன்னு அரிச்செடுத்தவ நீதானே?"

"நானா? ஏன்டா, கட்டளைன்னா எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. நீ கேமராவைத் திறந்து வெச்சிருக்கியா இல்லியா, அதை மொதல்ல சொல்லு."

"அக்கா!"

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

அவன் நெஞ்சைத் தொடவில்லை. அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சந்தேகம் என்பது வீட்டுக்குள் நுழைந்த புகை மாதிரி... எந்தச் சந்து வழியாக வந்தது என்று தெரியாது, ஆனால் துணிமணியெல்லாம் அந்த வாடைதான்.

"சரி. இந்த நிமிஷமே சோதிச்சுடலாம்" என்றான்.

பரணிலிருந்து ஒரு பழைய கணினியை இறக்கினான். கேமரா கிடையாது. இணையக் கம்பியைப் பிடுங்கி, அவள் கையிலேயே கொடுத்தான். விற்பனைக்குப் போன அதே விளையாட்டை அதில் ஏற்றினான். முதலில் அவன் ஆடினான். மேல்மாடி விளிம்பில் வேண்டுமென்றே தவறினான். விழுந்தான். கறுப்பு. ஆட்டம் முடிந்தது. அடுத்து புள்ளி. விழுந்தாள். கறுப்பு. ஆட்டம் முடிந்தது.

பிறகு போய்த் தன் மகளைக் கூட்டிவந்தான். சில்லு என்று கூப்பிடுவார்கள். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

"அப்பா, இது பேய் கேம். ஆடக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"இன்னிக்கு மட்டும் ஆடு."

"அப்போ நாளைக்கும் ஆடுவேன்."

"சரி ஆடு, தாயே."

சில்லு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள். பெரியவர்கள் இருவரும் பின்னால் நின்றார்கள். வெளியே வெயில். கீழே சலவை இயந்திரம் 'டம்... டம்...' என்று சுற்றிக்கொண்டிருந்தது. சில்லு நன்றாகவே தாவினாள். மேல்மாடி வந்தது. விளிம்பு வந்தது. தாவினாள்... கால் எட்டவில்லை.

இயந்திரம் நின்றது.

கீழேயா, அல்லது காதிலா, தெரியாது. சத்தம் அடியோடு நின்றது. அந்த அமைதிக்குள் வேறொரு சத்தம். 'சர்ர்... சர்ர்...' சுவர் பூசுகிறவர்கள் கரணையால் ஈரச் சிமெண்டை இழுத்துத் தேய்ப்பார்களே, அது. கூடவே வாசனையும் வந்தது. சோப்பும் இல்லை, இஸ்திரியும் இல்லை. ஈரச் சிமெண்ட். புதுச்சுவர் வாசனை.

திரையில் நெட்டைக்கை வந்தது. ஓடி வரவில்லை. குதித்து வந்தது... படுத்திருந்த ஓர் ஆள் பதறி எழுந்து பாய்வதைப் போல. நீளமான கை நீண்டது. சிறுமியின் கையைப் பிடித்தது. தூக்கியது. பலகையில் விட்டது.

சில்லு பொத்தானை விட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை... இவரு கை சூடா இருக்கு."

நெட்டைக்கை விளிம்பில் ஒரு கணம் ஆடியது. பின்பக்கமாகச் சாய்ந்தது. கறுப்புக்குள் போனது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

'தொப்.'

கணினியில் ஒலிபெருக்கி இணைத்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. கீழேயிருந்து சலவைக்கடைக்காரர் கத்தினார்.

"என்னப்பா அது, மாடியிலேருந்து எதைத் தூக்கிப் போட்டீங்க? பின்பக்கம் விழுந்துச்சே... ஒண்ணையும் காணோம்!"

தம்பி மகளை வாரி எடுத்துக்கொண்டான்.

"அக்கா... சத்தியமா நான் இல்லக்கா."

"தெரியும்டா" என்றாள். அவன் தோளைத் தொட்டாள். அவ்வளவு நாள் புகைந்துகொண்டிருந்தது அந்த ஒரு தொடுதலில் போய்விட்டது. ஆனால் அவள் கண் அவன் மேல் இல்லை. சில்லுவின் மணிக்கட்டின் மேல் இருந்தது.

நேரே வீட்டுக்குப் போனாள். அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்த விளையாட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. பேய் பிசாசு என்றால் திரும்பியே பார்க்க மாட்டாள்.

"அம்மா, இந்தப் படத்தை ஒரு தடவை பாரேன்" என்று நெட்டைக்கையின் படத்தைப் போனில் காட்டினாள்.

"அந்தக் கருமத்தை எங்கிட்ட நீட்டாதே. சாமி கும்பிடற வேளை."

"ஒரே ஒரு தடவைம்மா."

அம்மா அலுத்துக்கொண்டே போனை வாங்கினாள். பார்த்தாள். மடித்த துணி மடியிலிருந்து சரிந்தது. எடுக்கவில்லை.

"இவரை எங்கடி பாத்தே?" என்றாள்.

'இதை' என்று கேட்கவில்லை. 'இவரை' என்றாள்.

புள்ளிக்குப் பிடரி மயிர் எழுந்து நின்றது.

"யாரும்மா அது?"

அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்ப நாம குடியிருந்த கட்டடத்துல மேல ரெண்டு மாடி முடியாம கிடந்துச்சு. நீ பூனைக்குட்டி பின்னாடியே ஏறிப் போயிட்டே. மத்தியானம். நான் கண்ணசந்துட்டேன். மேல பூச்சு வேலை பாக்கற ஒருத்தர்... காலையிலேருந்து வேலை பாத்துட்டு, அப்பதான் சாப்பிட்டுத் தலையைச் சாய்ச்சாராம். குடிக்கத் தண்ணி ஊத்தி வெச்சிருந்தாராம், அதைக்கூடத் தொடல. நீ விளிம்புல தவறினதைப் பாத்து அப்படியே பாய்ஞ்சிருக்கார். உன் கையைப் பிடிச்சு உள்ள எறிஞ்சுட்டார். அவருக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல."

"வெள்ளை முகம்..."

"மூஞ்சியெல்லாம் சிமெண்டுத் தூள்டி. நான் ஓடி வந்தப்போ உன் மணிக்கட்டுல அவரு விரல் தடம் வெள்ளையா இருந்துச்சு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அஞ்சு வயசுப் புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது? உனக்காக ஒரு மனுஷன் போயிட்டாருன்னா? ஆயுசுக்கும் அதைத் தூக்கிட்டு நடப்பியே. அவர் சொந்தக்காரங்களைத் தேடித் தேடிப் பாத்தோம். யாருமே இல்ல. பேரு தெரியாது. பூச்சுக்காரர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. இன்னிக்கு வரைக்கும் நான் சாமி கும்பிடறப்போ உனக்கு முன்னாடி அவருக்குத்தான் வேண்டிக்கறேன்."

புள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவரைப் போயி... பேயா வரைஞ்சுட்டேனேம்மா."

"நீ அப்ப குழந்தை. பயந்துபோன கண்ணு. அதுக்கு அப்படித்தான் தெரியும்."

உண்மைதான். பயத்தில் பார்த்தால் உதவ நீள்கிற கையும் பிடுங்க வருகிற கை மாதிரிதான் தெரியும். நாம் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறோமோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு தடவை விழறாரும்மா" என்றாள் புள்ளி.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விழுந்து எங்கடி போறார்?"

புள்ளி போனை வாங்கிப் பார்த்தாள். கீழே அவள் ஒன்றும் வரையவில்லை. வெறும் கறுப்பு. அடியே இல்லாத கறுப்பு.

மறுநாள் காலை தம்பி தன் கணினியையும் எழுதிய கட்டளைகள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போனான். "எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு நீங்களே பாத்துக்குங்க, மறைக்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லப் போனான். போகும்போது அக்காளின் மேசைமேல் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அவன் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

அறையில் புள்ளி தனியாக இருந்தாள். கீழே இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

நெட்டைக்கையை அடியோடு அழித்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. அழிக்கும் பொத்தானிலிருந்து தன் விரலை எடுத்துவிட்டாள். அழித்துவிட்டால் விழுகிற பிள்ளைகளை யார் பிடிப்பது?

மேல்மாடிப் படத்தைத் திறந்தாள். விளிம்புக்குக் கீழே, திரைக்கும் கீழே, ஆடுகிறவர் கண்ணுக்கு ஒருநாளும் எட்டாத ஆழத்துக்குப் போனாள். அங்கே ஒரு பலகைத் தளம் வரைந்தாள். அகலமாக, எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் தாங்குகிற மாதிரி. அதன்மேல் ஒரு மடக்குக் கட்டில். ஒரு தலையணை. மடித்த போர்வை. கண்ணைக் கூசாத வண்ணத்தில் ஒரு சின்ன விளக்கு. தலைமாட்டில் ஒரு கண்ணாடிக் குவளை. நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து, குவளையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். ஏணி வைக்கவில்லை. அந்த இடத்துக்குப் போகிற வழி எந்த ஆட்டக்காரருக்கும் கிடையாது.

சாப்பாட்டு வேளை எப்போது வந்து போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. முடித்ததும் 'சில வண்ணத் திருத்தங்கள்' என்று மட்டும் குறிப்பு எழுதி, விளையாட்டோடு சேர்த்துவிட்டாள். தம்பிக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நிறுவனத்துக்காரர்கள் எல்லாவற்றையும் அலசு அலசென்று அலசினார்கள். கேமராவைத் தொடுகிற வரி ஒன்றுகூட இல்லை. பிடித்துத் தூக்குகிற வரியும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, விளையாட்டைத் திரும்பப் பக்கத்தில் வைத்தார்கள். ஆட்டக்காரர்களின் சந்தேகம் மட்டும் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் சிலர் கேமராவின் மேல் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் பிள்ளைகளை ஆட விடுகிறார்களாம். காகிதம் ஒட்டினாலும்... பிள்ளை தவறினால், கை வருகிறதாம்.

ஆனால் ஒன்று மாறியது. ஓட்டைச்சட்டிதான் முதலில் எழுதினார்.

"ஏதோ மாத்திட்டீங்க போலிருக்கு. இப்பல்லாம் 'தொப்'னு விழற சத்தம் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு, மடக்குக் கட்டில்ல யாரோ படுக்கற மாதிரி ஒரு 'கிறீச்'. அப்புறம் ஒரு பெருமூச்சு. எம்பொண்ணு இப்ப அழறதில்ல. அவளும் கொட்டாவி விடறா."

தம்பி அதைப் படித்துவிட்டுத் திரும்பினான்.

"என்னக்கா, நீ ஏதாவது சத்தம் சேர்த்தியா?"

"இல்லடா" என்றாள். உண்மைதான். சத்தம் எதையும் அவள் சேர்க்கவில்லை.

அன்று பிற்பகல் அவன் சில்லுவைக் கூட்டிவரப் போயிருந்தபோது, புள்ளி அந்தப் படத்தைத் தனியாகத் திறந்தாள். விளையாட்டை அல்ல. தன் கணினியில், தான் மட்டுமே தொடுகிற, தான் வரைந்து வைத்த படத்தை.

கீழே போனாள். பலகை இருந்தது. விளக்கு இருந்தது. போர்வை பிரிந்து கிடந்தது.

குவளையில் தண்ணீர் பாதிதான் இருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், நான்கு விரல் அகலத்துக்கு, அவள் வைக்காத வெள்ளைப் புள்ளிகள்.

புள்ளி அவற்றை அழிக்கவில்லை. நீல வண்ணத்தைத் தொட்டெடுத்து, குவளையை மறுபடி விளிம்புவரை நிரப்பிவிட்டு, படத்தை மெதுவாக மூடினாள்.